ஒரு நாளைக்கு ஒரு முறம்



வீட்டைச் சுத்தம் செய்வதற்கு நமக்கு ஒரு பாடமா என்று சிலர் சிரிக்கலாம். பொழுது விடியும் முன்னே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நமக்கு, பெருக்கவும் மெழுகவும் யாரும் சொல்லித்தர வேண்டாம்தான். இங்கே நாம் பேசப் போவது பெருக்குவதைப் பற்றி அல்ல. பெருக்கும்போது விளக்குமாறு போகாத இடங்களைப் பற்றி. கட்டிலுக்கு அடியில், பரண்மேல், அடுப்படி மூலையில், வீட்டுக்குப் பின்னால் சுவரை ஒட்டி என்று வருஷக்கணக்காகச் சேர்ந்து கிடக்கிற சாமான்களைப் பற்றி.

நம் வீடுகளில் எதையும் லேசில் தூக்கிப் போடமாட்டோம். கஷ்டப்பட்டு வாங்கியது, இல்லாத காலத்தைப் பார்த்தவர்கள் நாம். கிழிந்த சேலை கரித்துணிக்கு ஆகும், எண்ணெய் டின் செடி வைக்க ஆகும், உடைந்த குடம் மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆகும். இது நல்ல குணம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இப்போது வீட்டுக்குள் வருகிற சாமான்களின் கணக்கே வேறு. 2006-ம் ஆண்டு தொடங்கி அரசு கொடுத்த கலர் டி.வி., 2011-ல் தொடங்கிக் கொடுத்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, இவற்றில் ரிப்பேரானது எத்தனை வீட்டில் பரண்மேல் இருக்கிறது என்று ஒரு கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். கூடவே உரச்சாக்கு, பிளாஸ்டிக் டப்பா, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, பிள்ளைகளின் பழைய நோட்டு. "என்னைக்காவது ஆகும்" என்று வைத்ததுதான் எல்லாமே. அந்த என்றைக்காவது வருவதற்குள் எலி வந்துவிடுகிறது, கரையான் வந்துவிடுகிறது.

சரி, எப்போது ஒழிப்பது? நாம் வைத்திருக்கிற ஒரே தேதி போகி. அன்றைக்கு வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிறோம். மதியத்துக்குள் இடுப்பு விட்டுப் போகிறது. மறுநாள் பொங்கல் வேலை. எனவே பாதிச் சாமானை எடுத்த இடத்திலேயே திணித்துவிட்டு, மீதியை வாசலில் போட்டுக் கொளுத்துகிறோம். டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற புகையைச் சுவாசிப்பது நம் பிள்ளைகளும் வீட்டுப் பெரியவர்களும்தான். 2018 போகியன்று சென்னையில் அந்தப் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள்கூட இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பி விடப்பட்டன. நம் தெருவில் மூச்சுத் திணறிய பாட்டிகளைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே நாளில் செய்ய முடியாததை ஒரே நாளில் செய்யப் பார்ப்பதால் வருகிற வினை இது. குழுவில் சேரும்போது, "ஆயிரக்கணக்கில் கட்ட நமக்கு ஏது பணம்?" என்றுதான் கேட்டோம். வாரம் பத்து, இருபது என்று கட்டித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். வீட்டு வேலைக்கும் அதே கணக்கைப் போடலாம்.

எப்படிச் செய்வது?

ஒரு முறம் எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி புடைக்கிற முறம் வேண்டாம், பழசு ஒன்று போதும். முறம் இல்லாவிட்டால் தட்டுக்கூடை. உலை கொதிக்கிற நேரத்தில் வீட்டின் ஏதாவது ஒரு மூலைக்குப் போய், அந்த முறம் கொள்கிற அளவுக்கு மட்டும் சாமானை எடுங்கள். வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவது போலப் பிரியுங்கள். வைத்துக்கொள்ள வேண்டியது, யாருக்காவது கொடுக்கலாம் என்பது, எடைக்குப் போடலாம் என்பது, குப்பை. வைத்துக்கொள்ள வேண்டியதைத் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. கால் மணி நேரம்கூட ஆகாது. இரண்டாவது முறம் எடுக்காதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஒரே நாளில் அஞ்சு முறம் அள்ளிப்போட்டால் மறுநாள் ஆள் வர மாட்டோம். இதுவும் பழைய போகிக் கதையாகிவிடும்.

களையெடுக்கப் போகிற நாள், சந்தை நாள், உடம்புக்கு முடியாத நாள் விட்டுப்போகும். போகட்டும். விட்டுப்போன நாளுக்கு அபராதம் கிடையாது. விளக்கு வைத்த பிறகு வீட்டுச் சாமானை வெளியே போடக்கூடாது என்று மாமியார் சொல்வார்கள். சண்டை வேண்டாம், காலையிலேயே செய்துவிடுங்கள். சாயங்கால மங்கலில் கட்டிலடியில் கைவிடுவது எப்படியும் நல்லதல்ல. ஏன் என்று கீழே சொல்கிறோம்.

முதல் முறம் எந்த மூலையில்?

பெரும்பாலானவர்கள் விருந்தாளி கண்ணில் படுகிற இடத்தில்தான் ஆரம்பிப்போம். முன்னறை, டி.வி. இருக்கிற மேசை, சாமி அலமாரி. பார்க்க அழகாக இருக்கும், நமக்கும் தெம்பாக இருக்கும். ஆனால் எது கண்ணில் படுகிறது என்று பார்க்காமல், எது நம்மைக் கடிக்கும், எது நம்மைப் படுக்க வைக்கும், எது நம் பணத்தை முடக்கும் என்று பார்த்து வரிசை போடுங்கள் என்பதே எங்கள் யோசனை. முன்னறை கடைசியில் வரட்டும்.

அப்படிப் பார்த்தால் முதல் இடம் நாம் படுக்கிற இடம். கட்டிலுக்கு அடியில் மூட்டை, மூட்டைக்குப் பின்னால் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. 2000 முதல் 2019 வரை 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் நம்மைப் போலக் கிராமத்தில் இருப்பவர்கள். வயலில் கடிப்பதை நாம் எதிர்பார்க்கிறோம். கட்டுவிரியன் அப்படியல்ல. ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே வந்து, தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் இல்லாமலே போகலாம். பல் தடமே தெரியாமலும் இருக்கலாம். தரையில் படுத்த பிள்ளை நடுராத்திரியில் வயிறு வலிக்கிறது என்று எழுந்து, வாந்தி எடுத்து, கண் இமை தொங்கினால் அதைச் சாதாரண அஜீரணம் என்று நினைத்து ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கை காலை அசைக்கவிடாமல் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே முதல் பத்துப் பதினைந்து முறம் படுக்கிற அறைக்குத்தான். மூட்டையை நகர்த்தும்போது வெறுங்கையை உள்ளே விடாமல், முதலில் கம்பால் தட்டி நகர்த்துங்கள். தேளும் அங்கேதான் இருக்கும். அரிசி மூட்டை, நெல், கடலை எதுவும் படுக்கிற அறையில் வேண்டாம். இடமில்லை என்றால் மூடியுள்ள தகர டிரம்மில் போட்டுப் பலகைமேல் வையுங்கள். சிந்திய தானியத்தை அன்றன்றைக்கே அள்ளிவிட்டால் எலிக்கு வேலையில்லை. எலி குறைந்தால் எலிக்காய்ச்சல் ஆபத்தும் குறையும். படுக்கும்போது கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டால் கொசுவுக்கும் தடுப்பு, பாம்புக்கும் தடுப்பு. விறகைச் சுவரை ஒட்டி அடுக்காமல், வீட்டை விட்டுத் தள்ளி அடுக்க வேண்டும். இதற்கு முறம் போதாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆண்களையும் பெரிய பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். வீடு எல்லோருடையதும்தான், பாம்பு பெண்களை மட்டும் பார்த்துக் கடிப்பதில்லை.

அடுப்படியில் இருக்கக் கூடாதது

அடுத்தது அடுப்படி அலமாரி. இங்கே கரப்பானும் எண்ணெய்ப் பிசுக்கும் நமக்குத் தெரிந்த எதிரிகள். தெரியாத எதிரி ஒன்று உண்டு. அது பூச்சிமருந்து வந்த டப்பா. நல்ல கெட்டியான டப்பா, இறுக்கமான மூடி, நாலு தரம் சோப்புப் போட்டுக் கழுவினால் வாடையும் போய்விடும். உப்பு போட, எண்ணெய் ஊற்ற, வயலுக்குக் குடிதண்ணி கொண்டுபோக என்று எடுத்து வைத்துக்கொள்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வாடை போனாலும் விஷம் போகாது. பிளாஸ்டிக்குக்குள் ஊறியிருக்கும்.

2013 ஜூலை 16-ம் தேதி பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையலுக்குப் பயன்படுத்திய எண்ணெயைப் பரிசோதித்தபோது அதில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது தெரியவந்தது. பூச்சிமருந்து வைத்திருந்த பாத்திரத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருக்கலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். நம் வயலுக்குப் புதிய பெயர் இல்லை அது, எல்லா ஊர் மருந்துக் கடையிலும் கேட்ட பெயர்தான்.

எனவே இந்த வாரமே அலமாரியைப் பார்த்து, எந்த டப்பா எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லையோ அதை எடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தாலே போதும், நிரூபணம் வேண்டாம். மருந்து தெளிக்கிற அன்றைக்கே காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய தண்ணியை ஸ்பிரேயர் டேங்கிலேயே ஊற்றிவிட வேண்டும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ அலசக் கூடாது. பிறகு டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை போட்ட டப்பாவை யாரும் எடுத்துப் புழங்க மாட்டார்கள். அதை எரிக்கவும் வேண்டாம். மீதி மருந்தை குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் மிகவும் ஆபத்தானது. பிள்ளைக்கு அது குளிர்பானம்தான். வந்த டப்பாவிலேயே, வீட்டுக்கு வெளியே பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். கோபத்திலும் மனக்கஷ்டத்திலும் யாருடைய கையும் சட்டென்று எட்டாத இடமாக இருக்க வேண்டும் என்பதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பூட்டு.

மாத்திரை டப்பாவும் இதே முறத்தில் வரும். தேதி முடிந்தவை, அட்டை கிழிந்து பெயரே தெரியாதவை, பெரியவருக்கு எழுதிக்கொடுத்து அவர் காலமான பிறகும் கிடப்பவை எல்லாம் போகட்டும். திறந்து ஒரு மாதமான கண் சொட்டு மருந்தும் போகட்டும்.

தண்ணி தேங்குகிற சாமான்

வீட்டுக்குப் பின்னால் போவோம். டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, நல்ல தண்ணியில்தான் இடும். கொட்டாங்குச்சி, டயர், உடைந்த குடம், பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு போதும் அதற்கு. கிரைண்டர் வந்த பிறகு கொல்லையில் போட்ட ஆட்டுக்கல்லின் குழியை மறந்துவிடாதீர்கள். மழைத்தண்ணி நின்று ஏழு, பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். அதனால்தான் வாரம் ஒருமுறை என்கிறார்கள். கவிழ்க்கக் கூடியதைக் கவிழ்க்கலாம். ஆட்டுக்கல் குழியில் மண்ணைப் போட்டு நிரப்பலாம்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. தொட்டி, டிரம் தண்ணியைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தால் மட்டும் போதாது. முட்டை உட்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணி பட்டதும் பொரிந்துவிடும். எனவே தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகு பிடிக்க வேண்டும்.

தகரப்பெட்டி

இப்போது காகிதம். இது குப்பை மாதிரி தெரியாததால் யாரும் கை வைப்பதில்லை. பீரோவில் சேலை மடிப்பில் கொஞ்சம், அரிசி டிரம்மில் கொஞ்சம், சாமி படத்துக்குப் பின்னால் கொஞ்சம். தேவைப்படுகிற அன்றைக்கு ஒன்றும் கிடைக்காது. வேண்டாத கரண்ட் பில் கட்டுக் கட்டாக இருக்கும், பிள்ளையின் சாதிச் சான்றிதழ் இருக்காது.

ஒரு தகரப்பெட்டி அல்லது மூடியுள்ள வாளி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். பத்திரம், மூலப்பத்திரம், பட்டா ஒரு பிளாஸ்டிக் கவரில். பிறப்பு, இறப்பு, சாதிச் சான்றிதழ்களும் மதிப்பெண் பட்டியலும் இன்னொன்றில். வங்கிப் புத்தகம், காப்பீட்டுச் சீட்டு, நகைக்கடன் சீட்டு, கடன் கட்டி முடித்ததற்கான சான்று வேறொன்றில். ரேஷன் கார்டு, ஆதார் நகல்கள் மேலாக. பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்தால் கரையானும் மழைத்தண்ணியும் அண்டாது. எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பழைய வங்கிப் புத்தகத்தைக் குப்பை என்று நினைக்கவே நினைக்காதீர்கள். இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு முடங்கும். பத்து வருஷம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் கணக்குக்காரரோ வாரிசோ அதே வங்கியில் கேட்டு வாங்கலாம். கேட்பதற்கு அந்தப் புத்தகம்தான் பிடி. அதேபோல் வரிகளையும் படியுங்கள், படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, விபத்தில் இறந்தால் 2 லட்சம். கணவர் கணக்கில் இப்படிப் பிடித்தது மனைவிக்குத் தெரியாமல், இறந்த பிறகு கேட்காமலேயே விட்டுப்போகிற பணம் உண்டு. பிடித்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

யார் சாமானை யார் போடுவது

பரணுக்கு வந்தால் சண்டை வரும். அவருடைய மோட்டார் பாகம், மாமியாரின் பித்தளைப் பானை, நாத்தனார் விட்டுப்போன தொட்டில். நம் சாமானில் நம் இஷ்டம், மற்றவர் சாமானில் அவர்கள் இஷ்டம் என்று வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். ஆள் இல்லாத நேரத்தில் தூக்கிப் போட்டால் முறத்தில் மிச்சமாவது மனஸ்தாபம்தான். முறத்தை அவர்கள் எதிரில் வைத்து, "இதுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள். மாமியார் பித்தளைப் பானையைத் தேய்த்து முன்னறையில் வைத்துப் பாருங்கள், மற்றதை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள்.

விற்கிற சாமானை ஒருவர் ஒருவராகப் போட்டால் வியாபாரி சொன்னதுதான் விலை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற காலத்திலிருந்தே எடையில் ஏமாறுகிறவர்கள் நாம். குழுவாகச் சேர்த்து, நம் தராசிலேயே எடை பார்த்து, இரண்டு வியாபாரியிடம் விலை கேட்டுப் போடுங்கள். பழைய பெட்டி டி.வி.யை மட்டும் பிள்ளைகள் உடைத்து விளையாட விடாதீர்கள். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. முழுதாகவே கொடுத்துவிட வேண்டும். மக்காத குப்பையைத் தனியாகக் கட்டி, ஊராட்சித் தூய்மைக் காவலர் வரும்போது கையில் கொடுங்கள். அவர்களும் நம்மைப் போன்ற பெண்கள்தான். உடைந்த கண்ணாடி இருந்தால் தாளில் சுற்றி, சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கூட்டத்தில் பேச

அடுத்த குழுக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு விஷயம் சொல்லட்டும். முதல் முறத்தில் என்ன வந்தது? பூச்சிமருந்து டப்பா யார் வீட்டில் இருந்தது, அதில் என்ன போட்டு வைத்திருந்தார்கள்? பாஸ்புத்தகத்தில் 436, 20 பிடித்தது எத்தனை பேருக்கு? தனியாக இருக்கிற வயதான உறுப்பினர்கள் விறகைத் தள்ளி அடுக்க யார் யார் போவது என்று அங்கேயே பெயர் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊக்குநர், பிரதிநிதி வீடுகளில் கிடக்கிற பழைய தீர்மான நோட்டு, பேரேடு, உறுப்பினர் பாஸ்புத்தகம் இவற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். இவை முறத்தில் வரக் கூடாத சாமான். தணிக்கைக்கும் கடன் கேட்கும்போதும் தேவைப்படும். கரையான் அரித்திருந்தாலும் அப்படியே வெயிலில் தட்டி, வருஷம் எழுதிக் கட்டி, கூட்டமைப்பு அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். அலமாரியில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.